அலகடியில் ஓர் ஆண்டு

கடல் கடந்து பொருளீட்டச் சென்ற நம்மவர் ஊர் திரும்பும்போது கொண்டுவந்த பொருள்களுள் மடக்குக்கத்திக்குத் தனியிடம் உண்டு. அத்தர் சில மாதங்களில் மணமிழக்கும்; பட்டு, கல்யாணத்தோடு பெட்டிக்குள் போய்விடும். கத்தியோ நாற்பது, ஐம்பது ஆண்டுகள் புழக்கத்திலேயே இருக்கும். பாக்கு வெட்டவும், பழம் நறுக்கவும், கட்டி வந்த கயிற்றை அறுக்கவும் அது கைக்குக் கை மாறும். அப்படி மாறும்போது அதனோடு ஒரு கதையும் மாறிக்கொண்டே வரும். கத்தி தேயத் தேயக் கதை வளர்வதை நாம் பல வீடுகளில் கண்டிருக்கிறோம்.

சுவிட்சர்லாந்து நாட்டு மடக்குக்கத்திகளைச் சேகரிப்பதில் நமக்குப் பல்லாண்டுப் பழக்கம் உண்டு. அதனை அறிந்த உறவினரும் நண்பரும் தத்தம் வீட்டுக் கத்தியை எடுத்து வந்து, “இது எந்தக் காலத்தது?” என்று கேட்பது வழக்கமாகிவிட்டது. அவ்வினாவுக்கு விடை காணும் முறையையும், அவ்விடை ஒரு குடும்பத்தில் எழுப்பிய நெருக்கடியையும் இங்கே எழுத விழைகிறோம்.

முதலில் கத்தியின் வரலாறு. 1884ஆம் ஆண்டில் கார்ல் எல்சனர் என்னும் கத்தித் தொழிலாளர் சுவீட்ஸ் மாநிலத்து ஈபாக் என்னும் ஊரில் பட்டறை திறந்தார். அக்காலத்தில் சுவிஸ் படைக்குப் புதிதாக வழங்கப்பட்ட 1889ஆம் ஆண்டுத் துப்பாக்கியைக் கழற்றி மாட்டத் திருப்புளி தேவைப்பட்டது. தகரத்தில் அடைத்த உணவைத் திறக்கவும் ஒரு கருவி வேண்டியிருந்தது. ஆகவே அலகு, திருப்புளி, தகரந்திறப்பான், துளையூசி ஆகிய நான்கையும் ஒரே பிடிக்குள் மடக்கிவைத்த கத்தி ஒன்று 1890இல் திட்டமிடப்பட்டது. அத்தனை கத்திகளைச் செய்து தரும் ஆற்றல் சுவிஸ் பட்டறைகளுக்கு அப்போது இல்லாமையால், முதல் தொகுதி ஜெர்மனியின் சோலிங்கன் நகரிலிருந்தே வந்தது. தம் நாட்டுப் படைவீரனின் கத்தி தம் நாட்டிலேயே செய்யப்பட வேண்டும் என்று எல்சனர் உறுதி கொண்டார். பிற தொழிலாளரையும் கூட்டிச் சங்கம் அமைத்து, 1891இல் படைக்குக் கத்தி தரத் தொடங்கினார். சோலிங்கன் தொழிற்சாலைகளின் மலிவு விலையோடு போட்டியிட மாட்டாமல் மற்றவர்கள் விலகிக்கொண்டனர். அவரோ கடனில் மூழ்கும் நிலையிலும் கைவிடவில்லை. 1897ஆம் ஆண்டு ஜூன் 12ஆம் நாள், எடை குறைந்ததும் தக்கைத்திருகி முதலிய கருவிகள் கூடியதுமான ‘அதிகாரிக் கத்தி’யைப் பதிவு செய்தார். அதுவே அவருடைய தொழிலைக் காப்பாற்றியது.

1909ஆம் ஆண்டு அவருடைய அன்னையார் விக்டோரியா மறைந்தார். பட்டறை தொடங்கிய நாள் முதல் மகனுக்குத் துணை நின்ற அந்த அம்மையாரின் பெயரையே மகன் தம் கத்திகளுக்கு இட்டார். 1921இல் துருப்பிடிக்காத எஃகு வந்தபோது, பிரெஞ்சு மொழியில் அதனைக் குறிக்கும் ‘இனாக்ஸ்’ என்ற சொல் அன்னையின் பெயரோடு இணைந்து, ‘விக்டோரினாக்ஸ்’ ஆயிற்று. இவ்வரலாறு தெரிந்தவருக்குப் பெயரே ஒரு நாட்காட்டி. விக்டோரியா என்ற பெயர் தாங்கிய கத்தி 1909க்கு முந்தியதாக இருக்க முடியாது. இனாக்ஸ் சேர்ந்த கத்தி 1921க்கு முந்தியதாக இருக்க முடியாது.

இப்பெயர் எங்கே பொறிக்கப்பட்டிருக்கும்? அலகை விரித்தால், அது பிடிக்குள் நுழையுமிடத்தில் கூர்மையில்லாத தடித்த பகுதி ஒன்று தென்படும். அதனை நாம் அலகடி என்போம். செய்தவர் பெயரும் நாட்டின் பெயரும் அங்கேதான் இருக்கும். வீட்டுப் புழக்கத்தில் அழுக்கும் எண்ணெயும் படிந்து எழுத்து மறைந்திருக்கும். வெதுவெதுப்பான நீரில் நனைத்த துணியால் மெல்லத் துடைத்து, வெளிச்சத்தைச் சாய்வாக விழச்செய்து பார்த்தால் எழுத்துகள் எழுந்து நிற்கும். உப்புத்தாள் கொண்டு தேய்ப்போர் எழுத்தோடு சேர்த்து வரலாற்றையும் அழித்துவிடுகிறார்கள்.

படைவீரர்க்கு வழங்கிய கத்தியில் காலங்காணுதல் இன்னும் எளிது. அதன் அமைப்பு சில முறைகளே மாறியது. 1890ஆம் ஆண்டு முறைக்குக் கறுத்த ஓக் மரப்பிடி. 1908ஆம் ஆண்டு முறைக்குச் செந்நிற நார்ப்பலகைப் பிடி. 1951ஆம் ஆண்டு முறையில் கத்தி சற்றே குறுகி, எஃகு முழுவதும் துருப்பிடிக்காததாயிற்று. 1961ஆம் ஆண்டு முறையில் பிடி வரிவரியான அலுமினியத் தகடாக மாறியது. தொடக்கத்தில் சில ஆண்டுகள் அத்தகடு சிவப்பு நிறத்திலும், பின்னர் வெள்ளி நிறத்திலும் வந்தது. ஏறத்தாழ அரை நூற்றாண்டுக் காலம் அதுவே நீடித்தது. 2008ஆம் ஆண்டு முறையில் பச்சையும் கறுப்புமான பெரிய பிடி வந்தது. ஒரு கையாலேயே திறக்கத்தக்க அலகும், மரமறுக்கும் வாளும் சேர்ந்தன. இவற்றுள் 1961ஆம் ஆண்டு முறைக் கத்தியில், அது செய்யப்பட்ட ஆண்டின் கடைசி இரண்டு எண்கள் பெரிய அலகின் அடியிலேயே பொறிக்கப்பட்டிருக்கும். 68 என்றிருந்தால் 1968. பிறந்த ஆண்டை நெற்றியில் எழுதிக்கொண்டு வந்த கத்தி அது!

செய்தவர் ஒருவரல்லர் என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். ஜெர்மன் மொழி பேசும் சுவீட்ஸில் எல்சனரைப் போலவே, பிரெஞ்சு மொழி பேசும் ஜூரா பகுதியின் தெலேமோன் நகரில் வெங்கர் நிறுவனமும் படைக்குக் கத்தி செய்தது. மொழிவழி மனக்கசப்பு எழாதிருக்க, 1908இல் அரசாங்கம் தேவையை இருவருக்கும் சரிபாதியாகப் பகிர்ந்தளித்தது. 2005இல் விக்டோரினாக்ஸ் நிறுவனம் வெங்கரை விலைக்கு வாங்கிவிட்டது. ஆயினும் பழைய கத்திகளில் இருவரின் கைவண்ணமும் தனித்தனியே தெரியும். விக்டோரினாக்ஸின் சின்னம் கேடய வடிவம். வெங்கரின் சின்னம் முனை மழுங்கிய சதுரம். பிற்காலத்து விக்டோரினாக்ஸின் தகரந்திறப்பான் முன்னோக்கி நகர்ந்து வெட்டும். வெங்கருடையது பிடித்திருப்பவரை நோக்கிப் பின்னுக்கு வரும். பெயர் தேய்ந்து போன கத்தியைக்கூட ஒரு தகரத்தைத் திறந்து பார்த்து இன்னாருடையது என்று சொல்லிவிடலாம்.

நம் வீடுகளில் மிகுதியாகக் காணப்படுவது, கடைகளில் விற்ற செந்நிறக் கத்தியே. அதன் அலகடியில் சில சமயம் ‘ஒஃபிசியே சுயிஸ்’, அதாவது ‘சுவிஸ் அதிகாரி’ என்ற சொற்கள் இருக்கும். அதைக் கண்டு, யாரோ ஒரு படைத் தலைவரின் இடுப்பிலிருந்து வந்த கத்தி என்று மகிழ்வோர் உண்டு. படை அக்கத்தியை எவருக்கும் வழங்கவில்லை. விரும்பிய அதிகாரிகள் தம் பணத்தில் வாங்கிக்கொண்டார்கள். அச்சொற்கள் அவ்வகைக் கத்தியின் பெயரேயன்றி உடைமையாளரின் பதவியன்று. இவ்வகையில் ஆண்டெண் இல்லாமையால் உறுப்புகளைக் கொண்டே காலத்தைக் கணிக்க வேண்டும். முதுகுப்புறத்தில் பொதி தூக்கும் கொக்கி இருக்குமானால், அக்கத்தி 1991க்கு முந்தியதாகாது; அக்கொக்கி அந்த ஆண்டில்தான் சேர்க்கப்பட்டது.

இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. எல்லா உறுப்புகளும் ஒரே தரத்துச் சாட்சிகளல்ல. செந்நிறக் கத்தியின் பிடித்தகடு, உள்ளிருக்கும் ஆணித் தலைகளின் மீது அழுத்திப் பொருத்தப்பட்டதே. கையில் திறமை உள்ள எவரும் அதைக் கழற்றி வேறொன்றை மாட்டிவிடலாம். பல்குத்தியும் முள்வாங்கியும் எந்த நாளும் தொலைந்து, எந்த நாளும் புதிதாக வாங்கப்படுவன. வளையம் மாற்றத்தக்கது. அலகும் விற்சுருளும் அப்படியல்ல. ஆணிகள் ஊடுருவிப் பிணித்தவை. ஆகவே பிடி ஒன்று சொல்லி அலகடி வேறொன்று சொன்னால், அலகடியின் சொல்லையே ஏற்க வேண்டும். அலகடியும் ஆணியும் சேர்ந்தே பிசகியிருப்பதாகத் தெரிந்தால், அக்கத்தியைப் பற்றி வாய் திறவாதிருப்பதே நலம். பட்டறையில் எஞ்சிய பழைய உறுப்புகளைப் புதிய கத்தியில் பூட்டுவதும் உண்டாதலால், ஆண்டெண் இல்லாத கத்திக்கு ‘இன்ன ஆண்டு முதல் இன்ன ஆண்டுக்குள்’ என்று சொல்லலாமேயன்றி, ‘இன்ன ஆண்டு’ என்று அறுதியிடலாகாது.

இம்முறை நம் சமுதாயத்துக்குப் புதியதன்று. ஹதீதுக் கலை வல்லுநர்கள், ஒரு செய்தி எவ்வளவு இனிமையானது என்று பார்த்து அதனை ஏற்றுக்கொள்ளவில்லை. யார் யாரிடமிருந்து கேட்டார், கேட்டவரும் சொன்னவரும் ஒரே காலத்தில் வாழ்ந்தனரா, அவர்கள் சந்தித்தார்களா, சொன்னவர் நினைவாற்றலும் நேர்மையும் உடையவரா என்றெல்லாம் துருவித் துருவி ஆராய்ந்தார்கள். ஹிஜ்ரி 256இல் மறைந்த இமாம் புகாரி (ரஹ்) அவர்கள், அறிவிப்பாளர் இருவர் சந்தித்தமை உறுதிப்பட வேண்டும் என்பதில் கொண்டிருந்த கண்டிப்பை ஆலிம்கள் எடுத்துரைப்பதைக் கேட்டிருக்கிறோம். அப்புனிதக் கலையோடு கத்தியாராய்ச்சியை ஒப்பிடுவது நம் நோக்கமன்று. ஆயினும், அக்கலையைப் போற்றும் மக்கள் தம் வீட்டுக் கதைகளை மட்டும் ஆராயாமல் விட்டுவிடலாமா?

இனி அந்தக் குடும்பத்தின் செய்திக்கு வருவோம். கடற்கரையூர் ஒன்றில் நமக்குப் பழக்கமான பெரியவர் ஒருவர், பல்லாண்டுகள் வணிகக் கப்பல்களில் பணியாற்றி ஓய்வு பெற்றவர், சில ஆண்டுகளுக்கு முன் மறைந்தார். மனைவியும், இரண்டு ஆண்மக்களும், ஒரு மகளும் அவருடைய வாரிசுகள். மார்க்கம் வகுத்தபடி பங்கு பிரிக்க அமர்ந்தபோது, வெள்ளி நிறப் பிடி கொண்ட ஒரு மடக்குக்கத்தியும் பட்டியலில் இருந்தது. இரண்டாம் உலகப் போரில் ஒரு சுவிஸ் வீரர் களத்தில் வைத்திருந்த கத்தி அது என்பது அவ்வீட்டுக் கதை. பழம்பொருள்களில் ஆர்வமுடைய ஒரு செல்வர் அக்கதையைக் கேள்வியுற்று, கத்தியைப் பாராமலே ஒரு தொகை சொல்லியிருந்தார். அத்தொகை சிறியதன்று. மகளின் வீட்டில் அப்போது பணமுடை இருந்தது. கத்தியை மதிப்பிட்டுச் சொல்லுமாறு நம்மிடம் கொண்டுவந்தார்கள்.

அலகை விரித்தோம். துடைத்துப் பார்த்தோம். அலகடியில் 71 என்றிருந்தது.

ஐயத்துக்கு இடமே இல்லை. அந்த எண் இல்லாவிட்டாலும் விடை அதுதான். 1945இல் முடிந்துபோன போரை, 1961இல் பிறந்த அலுமினியப் பிடி சந்தித்திருக்க முடியாது. அதுமட்டுமன்று; சுவிட்சர்லாந்து அப்போரில் நடுநிலை வகித்த நாடு. எல்லையைக் காக்கத் தன் படையைத் திரட்டி நிறுத்தியதேயன்றிப் போரில் இறங்கவில்லை.

சொல்ல வேண்டியதைச் சொன்னோம். மூத்த மகன் நீண்ட நேரம் பேசவில்லை. பின்பு, “காக்கா, அந்த எண்ணை நாமாகவே ஏன் சொல்ல வேண்டும்? நாங்கள் பொய் ஒன்றும் சொல்லப்போவதில்லை. வாங்குகிறவர் கத்தியை விரித்துப் பார்த்துக்கொள்ளட்டுமே” என்றார். அவர் பேராசைக்காரர் அல்லர். தங்கையின் பணமுடையை நினைத்தே அவ்வாறு கேட்டார் என்பது நமக்குத் தெரியும். அதனாலேயே அவ்வினா நம் நெஞ்சில் தைத்தது.

வாங்க வந்தவர் கத்திகளைப் பற்றி அறிந்தவரல்லர். ‘போர்க்காலம்’ என்ற ஒரு சொல்லை நம்பியே விலை பேசியவர். அவர் கண்ணெதிரே அலகு விரிந்திருந்தாலும் அவ்வெண்ணின் பொருள் அவருக்கு விளங்காது. விளங்காதவரிடம் வாய்மூடி இருப்பது எதில் சேரும்? நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் ஒருமுறை கடைவீதியில் தானியக் குவியலொன்றினுள் கையை நுழைக்க, விரல்களில் ஈரம் தட்டிய நிகழ்ச்சியை நாமனைவரும் அறிவோம். மழையில் நனைந்தது என்று வணிகர் கூறிய விடை பொய்யன்று. ஆயினும் நனைந்ததை மக்கள் காணும்படி மேலே வைக்காமல் உள்ளே மறைத்ததைத்தான் நாயகம் (ஸல்) அவர்கள் கண்டித்தார்கள். குறையைத் தேடிக் கண்டுபிடிக்கும் பொறுப்பை வாங்குபவர் தலையில் சுமத்த அங்கே இடமில்லை. அலகடியின் எண்ணும் அக்குவியலின் ஈரமும் நமக்கு ஒன்றாகவே தோன்றின. இதனை நாம் எடுத்துரைத்தபோது மகன் தலை குனிந்தார், மறுத்துரைக்கவில்லை.

ஆனால், வாப்பா பொய் சொல்லிவிட்டாரோ என்ற வருத்தம் மகளின் முகத்தில் படர்ந்தது. பணத்தினும் பெரிய இழப்பு அதுவே. ஆகவே கத்தியை ஆராய்ந்த முறையிலேயே கதையையும் ஆராய முற்பட்டோம். போர் என்று சொன்னவர் யார்? இளைய மகன், அண்ணனிடம் கேட்டதாகச் சொன்னார். அண்ணன், சிறுவயதில் பள்ளித் தோழர்களிடம் தாமே பெருமையாகச் சொல்லிவந்ததை ஒப்புக்கொண்டார். தந்தையின் வாயால் கேட்டதாக அவருக்கு நினைவில்லை. திரைக்கு அப்பாலிருந்து அவர்களுடைய தாயார் சொன்னார்கள்: “தம்பி, கப்பலில் கூட வேலை பார்த்த வெள்ளைக்காரர் ஒருவர் கொடுத்தது, அவர் பட்டாளத்தில் இருந்தவர் என்றுதான் அவர்கள் சொல்வார்கள். சண்டை என்று அவர்கள் வாயால் நான் கேட்டதில்லை.”

பெட்டியிலிருந்த கப்பல் பணிப் பதிவேட்டை எடுத்துப் பார்த்தோம். பெரியவர் முதன்முதலாகக் கடலேறியது 1972ஆம் ஆண்டு. அடுத்த ஆண்டில் ஐரோப்பியத் துறைமுகங்களின் முத்திரைகள். சுவிட்சர்லாந்து கடற்கரையில்லாத நாடாயினும் 1941 முதல் அதற்கு வணிகக் கப்பல்கள் உண்டு. அந்நாட்டு மக்கள் மாலுமிகளாகவும் பொறியாளர்களாகவும் கடலில் பணியாற்றியிருக்கிறார்கள். உடல் நலமுள்ள ஆண்கள் இளமையில் படைப்பயிற்சி பெறுவது அங்கே கடமை. ஆகவே பட்டாளத்தில் இருந்த ஒருவர், 1971இல் செய்யப்பட்ட கத்தியை, 1972க்குப் பின் ஓர் இளம் தமிழ் மாலுமிக்கு அன்பளிப்பாகக் கொடுத்தார் என்பதில் முரண்பாடு எதுவும் இல்லை. தாயார் சொன்ன சொல்லும், பதிவேடும், அலகடியும் ஒன்றையொன்று தாங்கி நின்றன. பொய்த்துப் போனது பிள்ளைகள் சேர்த்த அலங்காரமே. பெரியவரின் சொல் அப்படியே நின்றது.

அந்த எண்ணை அதுவரை கசப்போடு பார்த்துக்கொண்டிருந்த மகள், கத்தியை வாங்கி மீண்டும் ஒருமுறை விரித்துப் பார்த்தார். “அப்படியானால் இது வாப்பாவின் முதல் பயணத்துக் கத்தி” என்றார். அக்கணத்தில், போர்க்களத்திலிருந்து யாரோ ஒருவருடையதாக இருந்த கத்தி, அவ்வீட்டாருடையதாக ஆயிற்று.

செல்வருக்கு உண்மை தெரிவிக்கப்பட்டது. அவர் நன்றி கூறித் தம் விலையைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். கத்தி அதன் உண்மையான சந்தை மதிப்புக்கு மதிப்பிடப்பட்டு, வாரிசுகள் அனைவரின் சம்மதத்தோடு மகளின் பங்கில் சேர்ந்தது. அவருடைய பணமுடையை அக்கத்தி தீர்க்கவில்லை. அண்ணன்மார் இருவரும் தத்தம் பங்கிலிருந்து ஒரு பகுதியைத் தங்கைக்குக் கொடுத்தார்கள் என்று பின்னர் கேள்வியுற்றோம்.

பழமையை மதிப்பது வேறு. பழமையை மிகைப்படுத்துவது வேறு. முன்னோர் விட்டுச் சென்ற பொருள் நம்மிடம் உள்ள அமானிதம் என்றால், அப்பொருளைப் பற்றிய செய்தியும் அமானிதமே. கூட்டியும் குறைத்தும் சொல்ல நமக்கு உரிமை இல்லை. வீட்டுப் பெட்டியில் இத்தகைய கத்தி ஒன்று இருக்குமானால், அதை வெளியே எடுத்து, பெரியவர்கள் உயிரோடிருக்கும்போதே அவர்களிடம் கேளுங்கள்: எங்கே கிடைத்தது? யார் கொடுத்தார்? எந்த ஆண்டு? அவர்கள் சொல்லும் சொல்லைக் கூட்டாமல் குறைக்காமல் ஒரு தாளில் எழுதி, கத்தியோடு சேர்த்து வையுங்கள். பிறகு அலகை விரித்து அலகடியைப் பாருங்கள். இரண்டும் ஒத்திருந்தால் நலம். ஒவ்வாதிருந்தால், அதையும் அத்தாளிலேயே எழுதி வையுங்கள். நமக்குப் பின் வரும் பிள்ளைகள் அந்தக் கத்தியைக் கையிலெடுக்கும்போது, நம் சொல்லும் எஃகின் சொல்லும் ஒன்றாக இருக்க வேண்டும்.